அடையாள அட்டைக்கு ஒரு முகம்

போன மாதம் திருகோணமலை நகரத்தில் ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். யாரிடமும் வேலைக்குப் போகாமல், சொந்தமாக ஆட்களைப் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கிற பெண்பிள்ளைகளுக்கான வகுப்பு அது. நான் கதிரையில் இருந்துகொண்டுதான் பேசினேன். இப்போதெல்லாம் அதிக நேரம் நிற்க ஏலாது. ஆயுளில் பாதியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு கழித்தவளுக்கு இடுப்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் என் இடுப்பும் இருக்கிறது.

எந்தக் கமரா வாங்க வேண்டும் என்று கேட்டார்கள். முகநூலில் ஆட்களை எப்படிப் பிடிப்பது என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். எல்லாம் முடிந்து எழும்பும்போது கடைசி வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டாள்: "அன்ரி, ஒருத்தர் வந்து, என்ர முகத்தை இருக்கிற மாதிரி எடுக்க வேண்டாம், வேற மாதிரி எடுத்துத் தாங்கோ எண்டு சொன்னால் நீங்கள் என்ன செய்வீங்கள்?"

ஓட்டோ வாசலில் வந்து நின்றுவிட்டது. "அது ஆளைப் பொறுத்தது பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்த பிறகுதான், அது ஒரு பதிலே இல்லை என்று தோன்றியது. களைப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் கொஞ்சம் நீளமானது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் பழக்கியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருப் பக்கம் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று யாரோ சொல்லி அங்கே சேர்ந்தேன். என்னை முன்பக்கம் விடவில்லை. திரைக்குப் பின்னால், மேசை ஒன்றில், நெகட்டிவைத் திருத்துகிற வேலை. சரிவான கண்ணாடியில் நெகட்டிவை வைத்து, கீழிருந்து வெளிச்சம் வர, ஊசி மாதிரிச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். முகத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெளிச்சமாக இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பென்சிலால் மூடிவிட்டால் படத்தில் கறுப்பு இல்லாமல் போய்விடும். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் பை, கிழவர்களின் நெற்றிச் சுருக்கம் எல்லாம் அப்படித்தான் போகும். சில வருசங்களில் கை தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது.

மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. வெள்ளை நீளக்கைச் சேர்ட், எந்த வெயிலிலும் கசங்காது. வருகிறவர்களின் பெயரைக் கேட்க மாட்டார். "வாங்கோ, இருங்கோ, எல்லாம் வடிவா வரும்" என்பார். முக்காலியில் இருத்தி, பவுடர் டப்பாவை நீட்டுவார். பிறகு இரண்டு விரலால் தாடையைப் பிடித்து, வானொலியில் நிலையம் தேடுகிறவர் மாதிரி முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புவார். திருத்தி முடிக்கும்வரை யாருக்கும் படத்தைக் காட்ட மாட்டார். எனக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை, ஆக்கள் இஞ்ச தங்கட முகத்தைப் பார்க்க வாறேல்ல. தங்களுக்கு விருப்பமான முகத்தைக் கொண்டுபோக வாறவை."

அதை நான் நம்பினேன். படம் வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முகத்தைத் திரை இடுக்கால் பார்த்தால், அவர் சொன்னது சரி என்றுதான் தெரியும்.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை. முதல் அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். தலையில் போட்டிருந்த துணியின் ஓரம் நெற்றியை மறைத்ததால் மாஸ்டர் அதைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனார். பிள்ளை சுருண்டுபோனாள்.

"கை வெக்க வேணாம்" என்றா தாய்.

"கை வைக்காமல் எப்பிடியம்மா தலையை நேராக்கிறது?" மாஸ்டர் உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டா. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்த அந்தக் காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் பரீட்சை மட்டுமில்லை, பஸ் ஏறிச் சந்தைக்கும் போக ஏலாது. இருந்தும் போய்விட்டா.

நான் திரைக்கு வெளியே வந்தேன். "மாஸ்டர், பொம்பிளையள் வந்தால் நான் இருத்தி விடட்டே? நீங்கள் படத்தை எடுங்கோ."

அவர் கோபப்படவில்லை. "நீ பென்சிலைப் பிடி பிள்ளை. முன்னுக்கு வந்து நிண்டால் ஆக்கள் என்னையல்லோ பார்த்துச் சிரிப்பினம்."

அந்த மாத முடிவில் நின்றுவிட்டேன். சொந்தமாகத் தொடங்கப்போகிறேன் என்று சொன்னபோது, "பொம்பிளை எடுக்கிற படத்துக்கு ஆர் வரப்போகினம்?" என்று கேட்டார். கேலியில்லை, கவலையோடுதான் கேட்டார். எனக்கும் அதே கவலைதான்.

எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. முன்னறையில் வடக்குப் பார்த்த ஒரு பெரிய யன்னல். வெயில் நேரே விழாது, நாள் முழுதும் ஒரே மாதிரி வெளிச்சம் வரும். அதை நம்பித்தான் தொடங்கினேன். கரண்ட் வரும் போகும் என்றிருந்த காலத்தில் வேறு வழியுமில்லை. யன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கட்டினேன், அந்தப் பக்கத்து நிழலைக் குறைக்க. துறைமுகத்தில் வேலைசெய்த என் கணவர் ஒரு முக்காலி அடித்துத் தந்தார். சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியும் சீப்பும். குசினிக்குப் பக்கத்தில் சாமான் போட்டிருந்த அறையை இருட்டாக்கிப் படம் கழுவும் இடமாக்கினேன். பழைய கமரா ஒன்று கைமாறி வந்தது.

யாரும் வரவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், முக்காலியில் இருந்து பார்த்துச் சிரித்தார்கள், போனார்கள். வாசலில் போய் நிற்கவும் வெட்கம். பின்னேரத்தில் என் கணவர் வேலையால் வந்து ஒன்றும் கேட்காமல் சேர்ட்டைக் கழற்றுவார். அவர் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது.

கடைசியில் அந்தக் கிண்ணியாத் தாயையே தேடிப் போனேன். அப்போது பாலம் இல்லை. பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்க வேண்டும். பெயரும் தெரியாது, வீடும் தெரியாது. தையல் வகுப்பு நடந்த ஒரு வீட்டில் கேட்டேன்: படம் எடுக்காமல் திரும்பி வந்த பிள்ளை யார் என்று. அந்தக் கதை ஊருக்கே தெரிந்திருந்தது. அவர்களுடைய வளவில், சுண்ணாம்பு பூசிய மதிலுக்கு முன்னால், அந்தப் பிள்ளையை இருத்தினேன். தொடவில்லை. அவளுக்கு எதிரே நானும் இருந்து, என் தாடையைக் கொஞ்சம் இறக்கினேன். அவளும் இறக்கினாள். நான் தோளைத் தளர்த்தினேன். அவளும் தளர்த்தினாள். "துணியை உம்மாவே சரி செய்யட்டும்" என்றேன்.

அந்தப் படம் ஒரு குறையும் இல்லாமல் அடையாள அட்டை அலுவலகத்தால் ஏற்கப்பட்டது. பிறகு கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து நகரத்துப் பெண்களும் வந்தார்கள்.

வகுப்பில் இருந்த பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்தது பெரும்பாலும் அலுப்புத்தான். ஒரே முக்காலி, ஒரே யன்னல், ஒரே சொற்கள். "தாடையை இறக்குங்கோ. என்னைப் பாருங்கோ. கண்ணைச் சிமிட்டாதேங்கோ." அடையாள அட்டை, பாஸ்போட், பள்ளிக்கூடம், கலியாணம் பேச அனுப்புகிற படம், வெளிநாடு போகிறவளுக்குக் கடைசியாக ஒன்று. பிலிம் போய் டிஜிட்டல் வந்தது. மருந்துத் தண்ணியில் வெடித்த விரல்கள் ஆறின, பதிலுக்குக் கணினித் திரை கண்ணை எடுத்தது. இதையெல்லாம் விரும்பித்தான் செய்தேனா என்று யாராவது கேட்டால், அப்படி நினைத்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. எடுத்த முகங்களில் பெரும்பாலானவை மறந்துபோயின. நயீமாவின் முகம் மறக்கவில்லை.

நான் சொந்தமாகத் தொடங்கி ஓரளவு ஆட்கள் வரத் தொடங்கிய காலம். சண்டை நடந்துகொண்டிருந்தது. தோப்பூரிலிருந்து கணவனும் மனைவியும் மூதூருக்கு வந்து, காலை லோஞ்சில் கடலைக் கடந்து வந்திருந்தார்கள். கணவன் பெயர் ரசாக். வயல் செய்கிறவர். மனைவி நயீமா முந்தானையால் முகத்தை முழுதும் மூடிக்கொண்டு யன்னலுக்கு முதுகைக் காட்டி இருந்தாள்.

ரசாக் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என்னிடம் தந்தார். கலியாணத்தன்று எடுத்தது. வட்ட முகம், நல்ல கண், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற வாய்.

"அக்கா, இந்த மாதிரி எடுத்துத் தர ஏலுமா?"

கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள் குப்பிவிளக்கு சரிந்து, அவள் படுத்திருந்த பாயில் தீப்பிடித்திருக்கிறது. இடது கன்னம், காது, கழுத்து, உதட்டின் ஒரு பக்கம் எல்லாம் எரிந்துவிட்டன. உயிர் தப்பினாள். காயம் ஆறியது. இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற கழுத்துத் தோலுக்கு மருத்துவம் செய்ய அடிக்கடி திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். வருகிற வழியெல்லாம் சோதனைச் சாவடி. அட்டையில் இருப்பது கலியாணத்துக்கு முந்திய முகம். நிற்பது இந்த முகம். ஒவ்வொரு தடவையும் அவளை ஒதுக்கி நிறுத்துவார்கள். ஆட்களெல்லாம் போய், லோஞ்சும் போய்விடும்.

"போன முறை..." என்று தொடங்கிய ரசாக் நிறுத்திவிட்டார்.

மூடிய துணிக்குள்ளிருந்து அவள் சொன்னாள்: "சோதிக்கிற பொம்பிள விரலால தேச்சுப் பாத்தா அக்கா. ஒட்டியிரிக்கா எண்டு."

ரசாக் வெளியே முற்றத்தைப் பார்த்தார். அது நடந்தபோது அவர் ஆண்கள் வரிசையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார்.

புது அட்டைக்கு ஏற்கனவே ஒரு இடத்தில் படம் எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் இரக்கப்பட்டுத் தழும்பையெல்லாம் திருத்தி, பழைய முகம் மாதிரியே செய்து கொடுத்திருக்கிறார். படத்தைப் பார்த்தேன். நல்ல கைவேலை. நானே செய்தது போல இருந்தது. அந்தப் படம் விண்ணப்பத்தோடு திரும்பி வந்துவிட்டது. ஊர்க் கிராம சேவகர், "இது இப்ப இருக்கிற ஆள் இல்லையே, நான் எப்பிடி ஒப்பம் வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறார். அவரிலும் பிழையில்லை.

"அப்ப இன்னொருக்காத் திருத்தினாலும் திரும்பித்தானே வரும்?" என்றேன்.

ரசாக் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: "முழுக்க வேணாக்கா. பாதி. அவ தாங்குற அளவுக்கு. அவ இன்னும் தன்ர முகத்தப் பாக்கல்ல. ஊட்டில கண்ணாடி ஒண்டும் இல்ல, நான் எல்லாத்தையும் எடுத்துப்போட்டன். உங்கட படத்தில கண்டா அவ சரிஞ்சிருவா."

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "கடையில போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்று அனுப்பினேன்.

அவர் போனதும் நயீமா கேட்ட முதல் விசயம்: "அந்தக் கண்ணாடியத் திருப்பி வெக்க ஏலுமா?" சுவர்க் கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கதவைச் சாத்தினேன். அவள் முந்தானையை எடுத்தாள்.

நான் கமராவுக்குப் பின்னால் போய்விட்டேன். அந்த நேரத்தில் அது ஒரு வசதி.

பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் தழும்பின் ஒவ்வொரு மடிப்பும் நிழல் போட்டு, இருப்பதைவிடப் பயங்கரமாக வரும். நேருக்கு நேர் வெளிச்சம் விழுந்தால் எல்லாம் தட்டையாகி, தழும்பு கரைந்து, திருத்திய படம் மாதிரியே ஆகிவிடும். மறுபடியும் திரும்பி வரும். எனக்கு இரண்டும் வேண்டாம். முக்காலியை யன்னலிலிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டேன். விரிப்பைக் கிட்டக் கொண்டுவந்தேன். பார்த்தேன், திரும்பவும் நகர்த்தினேன். ஒரு மனிசி ஒரு மனிசியைச் சாதாரணமாகப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரவேண்டும். அதைப் போலக் கஷ்டமான வேலையை நான் பிறகு செய்ததில்லை.

என்னுடைய வழக்கமான முறை சரிவரவில்லை. நான் தாடையை நிமிர்த்தினேன். அவளும் முயன்றாள், கழுத்துத் தோல் இழுத்து முகத்தை ஒரு பக்கம் சரித்தது. நேரே பார்க்கச் சொல்லும்போதெல்லாம் அவளை அறியாமலே நல்ல கன்னம் முன்னுக்கு வந்தது. இடது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. அழுகையில்லை, அந்தக் கண் அப்படித்தான்.

"தங்கச்சி, தொடட்டே?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில ஆரும் அப்பிடிக் கேக்கிறேல்ல" என்றாள். பிறகு, "ஓம்" என்றாள்.

ஒரு கையைப் பிடரியில் வைத்து, மற்றக் கையால் தாடையைத் தாங்கி, இழுக்கிற தோல் கொஞ்சம் தளரும்வரை அப்படியே பிடித்திருந்தேன். தழும்பு சூடாக இருந்தது. அவளுடைய மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. கண்ணீரை என் முந்தானையாலேயே துடைத்துவிட்டு, மெல்ல விலகி, கமராவுக்குப் போவதற்குள் தலை பழையபடி சரிந்துவிடும். திரும்பவும் போய்ப் பிடிப்பேன். கடைசியில் ஒரு தரம் தலை நின்றது. "என்னைப் பாருங்கோ" என்றேன். பார்த்தாள்.

அன்று மத்தியானம் பிலிமைக் கழுவி, உலர்த்தி, திருத்துகிற மேசையில் வைத்தேன். பென்சில் சீவியபடி பக்கத்தில் இருந்தது. கன்னத்தில் தழும்பின் கோடுகள் வெளிச்சமாகத் தெரிந்தன. கை தானாகப் பென்சிலை எடுத்தது. மாஸ்டர் சொன்னது நினைவில் வந்தது. ரசாக் சொன்ன 'பாதி'யும் வந்தது. எந்தப் பாதியை எடுப்பது? காதையா, உதட்டையா? எவ்வளவு மறைத்தால் அவள் தாங்குவாள், எவ்வளவு மறைத்தால் கிராம சேவகர் ஒப்பம் வைக்க மாட்டார்? அதைக் கணக்குப் பார்க்க நான் யார் என்று பட்டது. பென்சிலை வைத்துவிட்டு எழும்பி, அந்த நெகட்டிவை அப்படியே பிரதி எடுத்தேன்.

அடுத்த ஆஸ்பத்திரித் தவணைக்கு வந்தபோது படத்தை வாங்க வந்தார்கள். ரசாக் கையை நீட்டினார். நான் அவரிடம் கொடுக்கவில்லை. "இது அவவின்ர படம்" என்று நயீமாவிடம் கொடுத்தேன். ரசாக் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்தது.

அவள் உறையைத் திறந்து படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு விரலைத் தன் கன்னத்தில் வைத்து, படத்தில் இருக்கிற கோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டு போனாள். உதடு வரைக்கும் வந்து நின்றாள். பிழை செய்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

ரசாக் தலையை நிமிர்த்தினார்.

"நான் இதவிடக் கூட எண்டு நெனச்சிக்கிட்டிருந்தன். ஆக்கள் என்னைப் பாக்கிற பார்வைய வெச்சு." ரசாக்கைப் பார்த்தாள். "நீங்க கண்ணாடியெல்லாம் எடுத்துப்போட்டதால, ஒரு முகமே மிஞ்சல்லயாக்கும் எண்டு நெனச்சன்."

ரசாக் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் எழும்பிப்போய், அவளுக்காக நான் திரும்பவும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்த கண்ணாடியைக் கழற்றித் திருப்பினாள். அதில் பார்த்து முந்தானையைத் தலைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, "எழும்புங்க, ஆஸ்பத்திரிக்கு நேரம்" என்றாள்.

புது அட்டை கிடைத்த பிறகு நயீமா திரும்ப வந்தாள். ஒரு காலை நேரம். எனக்கு நல்ல காய்ச்சல், இருந்தும் பெண்கள் வந்துவிட்டதால் வேலை செய்துகொண்டிருந்தேன். சுவரோரம் போட்டிருந்த வாங்கில் ஆட்கள் நெருக்கியடித்து இருந்தார்கள். அவள் தனியே லோஞ்சில் வந்திருந்தாள்.

"அவர் எங்க?"

"வயல் வெட்டு. நான் தனியத்தான் வந்தன்" என்று சொல்லி, அட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பிளாஸ்ரிக் உறைக்குள் அந்த முகம், நான் பார்த்த மாதிரியே.

"அதே பொம்பிளதான் நிண்டா, அக்கா. தேச்சுப் பாத்தவ. அட்டையக் குடுத்தன். அட்டையப் பாத்தா, என்னப் பாத்தா. 'ஹரி, யன்ன' எண்டா, சரி போ எண்டு சிங்களத்தில." அவள் நிறுத்தி, என் கையைப் பிடித்தாள். "அவ்வளவுதான் அக்கா. எனக்குப் பின்னால நிண்ட ஆளக் கூப்பிட்டுட்டா. திரும்பிக்கூடப் பாக்கல்ல!"

யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒருத்தி அவ்வளவு சந்தோசமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுடைய சிரிப்பு உதட்டின் ஒரு பக்கத்துக்குத்தான் போகும். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கூப்பிட இன்னும் நேரம் இருக்கிறது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். வாங்கில் இருந்த பெண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். விடியமுன் எழும்பி வந்தவள். நான் அடுத்த ஆளை முக்காலியில் இருத்தி, விரிப்பை இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பியபோது, நயீமா சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். முந்தானை தோளுக்குச் சரிந்திருந்தது. அத்தனை பேருக்கு நடுவில், முகத்தை மூடாமல், வாய் கொஞ்சம் திறந்தபடி தூங்கினாள். பக்கத்தில் இருந்த கிழவி தன் பையை எடுத்து அவளுடைய தோளுக்கு அணைவாக வைத்தா.

நான் முக்காலியில் இருந்தவளிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"தாடையைக் கொஞ்சம் இறக்குங்கோ" என்றேன், மெதுவாக.